நரி வேட்டை (தமிழ்நாடு)

நரி வேட்டை என்பது தமிழ்நாட்டின் புதர்க்காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் வாழும் நரியை வலை, கண்ணி, நாய், நாட்டுத்துப்பாக்கி ஆகியவற்றைக் கொண்டு பிடிக்கும் அல்லது கொல்லும் வேட்டை முறையாகும். நரியின் ஊளையைத் தன் குரலால் எழுப்பி நரியை அருகே வரவழைப்பது இதன் சிறப்புக் கூறு. ஒருவர் குரல் கொடுக்க மற்றொருவர் பிடிப்பார் என்பதால் பெரும்பாலும் இருவரோ சிலரோ சேர்ந்தே இவ்வேட்டையில் ஈடுபட்டனர். நரிக்குறவர் என்னும் சமூகத்தின் பெயரே இத்தொழிலிலிருந்து வந்தது. இந்தியாவில் நரியை வேட்டையாடுவது இன்று கடும் தண்டனைக்குரிய குற்றமாகும்.

எந்த நரி

தமிழில் நரி, குள்ளநரி என்ற சொற்கள் இரண்டு வெவ்வேறு விலங்குகளைக் குறிக்கக் கலந்து வழங்குகின்றன. முதலாவது பொன்னிறக் குள்ளநரி (கேனிசு ஆரியசு). இது நாய், ஓநாய், வட அமெரிக்காவின் கொயோட்டி ஆகியவற்றுடன் ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. இரண்டாவது வங்காள நரி (வல்ப்பெசு பெங்காலென்சிசு). இது உருவில் மிகச் சிறியது. வால் நுனி கருமையாக இருக்கும். திறந்த வறண்ட வெளிகளை விரும்பும். முதலாவது சுமார் 8 முதல் 10 கிலோகிராம் எடையும், இரண்டாவது அதில் மூன்றில் ஒரு பங்களவு எடையும் கொண்டவை. குள்ளம் என்ற அடைமொழி உண்மையில் பொருந்துவது இரண்டாவதற்கே. ஆயினும் பாடநூல்களும் செய்தித்தாள்களும் பெரியதையே குள்ளநரி என எழுதி வருகின்றன. கிராமங்களில் பெரியது வெறும் 'நரி'தான். இக்கட்டுரையில் நரி என்பது பெரியதையே குறிக்கும்.

தென்னிந்திய நரியை ஒரு துணையினமாகப் பிரித்து 1841ஆம் ஆண்டு வாக்னர் என்பவர் கேனிசு ஆரியசு நாரியா எனப் பெயரிட்டார். அறிவியற்பெயரின் கடைச்சொல் நம் 'நரி'யை நினைவூட்டுவது கவனிக்கத்தக்கது.

நரி அனைத்துண்ணி. எலி, பறவை, நண்டு, பூச்சி, செத்த மாடு, ஈச்சம்பழம், இலந்தைப்பழம், கரும்பு, தர்ப்பூசணி என எதையும் விடாது. இராசத்தானின் பரத்பூர் பகுதியில் செய்யப்பட்ட ஆய்வில் அதன் உணவில் 60 விழுக்காட்டுக்கும் மேல் கொறிணிகளும் பறவைகளும் பழங்களுமாக இருந்தன. வயலில் எலியைத் தின்னும் வகையில் நரி உழவருக்கு நண்பன். கோழியையும் ஆட்டுக்குட்டியையும் தூக்கும் வகையில் பகைவன். இந்த இரட்டை நிலையே நரியைப் பற்றிய மனித மனப்பான்மையிலும் வெளிப்படுகிறது. நரி முகத்தில் விழிப்பது நல்ல சகுனம் என்பர். அதே வாயால் வஞ்சகனை நரி என்பர்.

ஆணும் பெண்ணும் நெடுங்காலம் இணையாக வாழ்ந்து, தமக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும். அந்திப் பொழுதில் ஒன்று ஊளையிட்டால் அடுத்த எல்லையில் உள்ளவையும் விடை கொடுக்கும். நரியைப் பிடிக்க வந்தவர்களுக்குக் கைகொடுத்தது இந்த இயல்பே.

வாழிடம்: படப்பை வட்டாரம்

நரிக்கு அடர்காடு தேவையில்லை. பகலில் மறைந்திருக்கப் புதரும், இரவில் மேயப் புன்செய் நிலமும், குடிக்க நீரும் இருந்தால் போதும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஏரிப் பாசன ஊர்கள் இம்மூன்றையும் ஒருங்கே அளித்தன. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வண்டலூர் – வாலாசாபாத் சாலையில் அமைந்துள்ள படப்பையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். படப்பை என்னும் சொல்லுக்குத் தோட்டம், கொல்லை, ஊரை ஒட்டிய விளைநிலம் என்று பொருள். சங்க இலக்கியத்திலேயே வழங்கும் பழஞ்சொல் இது. நரி உலவும் இடத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. நரி நடுக்காட்டு விலங்கு அன்று, கொல்லைப்புற விலங்கு.

இவ்வட்டாரத்தின் நிலம் இரு வகைப்படும். ஏரிக்குக் கீழே நெல்வயல். ஏரிக்கு மேலே நீர்பிடிப்புப் பகுதியாக விளங்கும் மேட்டு நிலம். இந்த மேட்டில் சூரை, காரை, களா, விராலி, ஈச்சம், பனை, பிற்காலத்தில் பரவிய சீமைக் கருவேலம் ஆகியவை முள் அடர்ந்த புதர்க்காடாக வளரும். கிராமக் கணக்குகளில் இத்தகைய நிலம் பெரும்பாலும் புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல் நிலம் என்றே குறிக்கப்படுகிறது. காடு என்ற பெயர் இல்லாததால் காட்டுக்குரிய பாதுகாப்பும் இதற்குக் கிடைப்பதில்லை.

1990களின் இறுதியிலிருந்து இம்மேட்டு நிலங்களின் பயன்பாடு மாறத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் தொடங்கப்பட்ட ஊண்டாய் நிறுவனத்தின் மகிழுந்து ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் இரெனோ – நிசான் ஆலையும், 2012இல் தைம்லர் சரக்குந்து ஆலையும், 2013இல் இராயல் என்பீல்டு ஆலையும் செயல்படத் தொடங்கின. சிப்காட் தொழிற்பூங்காக்கள், பல வழிச் சாலைகள், தொழிலாளர் விடுதிகள், வீட்டுமனைப் பிரிவுகள் என அடுத்தடுத்து வந்தவை ஏரிகளுக்கு இடையிலான புதர்நிலத்தையே பெரிதும் எடுத்துக்கொண்டன. கிழக்கே வண்டலூர் காப்புக்காடும் அதனையொட்டி 1985இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் மட்டும் காடு என்ற பெயரோடு நீடிக்கின்றன. சாலையைக் கடக்கும் நரிக்கு வண்டிச் சக்கரமே இன்று வலையைவிடப் பெரிய இடர்.

நரிக்குறவர்

தமிழ்நாட்டில் நரி வேட்டையோடு நெருங்கிய தொடர்புடையவர்கள் நரிக்குறவர். இவர்கள் தம்மை வாக்ரி என அழைத்துக்கொள்கின்றனர். இவர்கள் பேசும் வாக்ரிபோலி, குசராத்தி, மராத்தி போன்றவற்றோடு உறவுடைய இந்திய-ஆரிய மொழியாகும்; அதற்கெனத் தனி எழுத்து இல்லை. வலை என்று பொருள்படும் 'வாகுரா' என்ற வடசொல்லிலிருந்து வாக்ரி என்ற பெயர் வந்தது என்பது ஒரு கருத்து. அவ்வாறாயின் அவர்களே தமக்கு இட்டுக்கொண்ட பெயர் கருவியையும், தமிழர் அவர்களுக்கு இட்ட பெயர் இரையையும் குறிக்கின்றன எனலாம்.

சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நிலத்து மக்களாகக் கூறப்படும் குறவரும் நரிக்குறவரும் ஒருவர் அல்லர். மொழியாலும் வழக்கங்களாலும் இவர்கள் வேறானவர்கள். பெயரொற்றுமையால் இருவரையும் ஒன்றாகக் கொள்ளும் பிழை பரவலாகக் காணப்படுகிறது.

எட்கர் தர்சுடனும் ரங்காச்சாரியும் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற நூலில் இச்சமூகம் குருவிக்காரர் என்ற தலைப்பின்கீழ் இடம்பெறுகிறது. பறவை பிடிப்பதால் குருவிக்காரர், நரி பிடிப்பதால் நரிக்குறவர் என இரு பெயர்களும் தொழிலைக் கொண்டே அமைந்தன. காடை, கவுதாரி, கொக்கு, முயல், காட்டுப்பூனை ஆகியவையும் இவர்களது வேட்டையில் அடங்கும். நரியின் இறைச்சி உணவானது. தோல், பல், வால் முதலியன தாயத்துகளாக விற்கப்பட்டன.

வேட்டை முறை

வேட்டைக்கு உரிய நேரம் அந்தியும் விடியலும். நரி புதரைவிட்டு மேயக் கிளம்புவதும் வயிறு நிறைந்து திரும்புவதும் அப்போதுதான். முதல் வேலை தடம் பார்ப்பது. ஏரிக்கரை ஈர மண்ணில் பதிந்த காலடி, ஒற்றையடிப் பாதையில் கிடக்கும் எச்சம், பழக்கொட்டையும் எலிமயிரும் அதில் கலந்துள்ள அளவு ஆகியவற்றைக் கொண்டு நரி எங்கே தங்குகிறது, எதைத் தின்கிறது என்பது கணிக்கப்படும். நரி தன் எல்லைக்குள் பழகிய வழியிலேயே திரும்பத் திரும்பச் செல்லும் விலங்கு. ஆகவே புதருக்குள் நுழையும் இடைவெளிகள் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது எனக் கொள்ளலாம்.

இடைவெளிகளில் வலை கட்டப்படும். ஒருவர் வலையின் அருகே தாழ்ந்து மறைந்திருக்க, மற்றொருவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, கையை வாயருகே குவித்து நரியைப் போல ஊளையிடுவார். ஊளையின் தொடக்கம் நீண்டு, ஏறி, பின் உடைந்து குறுங்கூவல்களாக முடிய வேண்டும். தன் எல்லைக்குள் அயல் நரி நுழைந்துவிட்டது எனக் கருதும் நரி முதலில் விடை கொடுக்கும்; பிறகு நெருங்கி வரும். விடை வந்த திசையைக் கொண்டு அது எந்த வழியாக வரும் என்பது கணிக்கப்படும். குரல் பிசகினால் நரி வாயை மூடிக்கொண்டு போய்விடும். அன்றைக்கு அந்தப் புதரில் மீண்டும் குரல் கொடுத்துப் பயனில்லை. இக்காரணத்தால் நன்றாக ஊளையிடத் தெரிந்தவரே குழுவில் முதன்மையானவராவார்.

காற்று இவ்வேட்டையின் மறைவான மூன்றாம் ஆள். நரி கண்ணைவிட மூக்கை நம்பும். ஊளை கேட்ட இடத்துக்கு நேராக ஓடி வராமல், வளைந்து சென்று, காற்று தன்னை நோக்கி வீசும் பக்கத்திலிருந்து முகர்ந்து பார்த்த பின்னரே நெருங்கும். ஊளையிடுபவரும் வலை பிடிப்பவரும் ஒரே இடத்தில் இருக்காமைக்குக் காரணம் இதுவே. குரல் வந்த இடத்தைச் சுற்றி வளைக்கும் நரி, குரலே எழாத இடத்தில் இருக்கும் இரண்டாமவரிடம் வந்து சிக்கும். தனியாள் இதைச் செய்வது மிகக் கடினம். வலையில் விழுந்த நரியைத் தடியால் அடித்தனர், அல்லது பழக்கிய நாய்களை ஏவினர். நாட்டுத்துப்பாக்கி வழக்குக்கு வந்தபின் வலையின் இடத்தை அது ஓரளவு பிடித்துக்கொண்டது.

ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் முட்புதர் வெளிகளில் நடக்கும் கொயோட்டி வேட்டையும் ஏறத்தாழ இப்படியே அமைந்துள்ளது. அங்கும் நண்பர் இருவர் சேர்ந்து செல்வர். ஒருவர் மரத்தாலான ஊதியையோ மின்னணு ஒலிபெருக்கியையோ கொண்டு அடிபட்ட முயலின் கதறலை அல்லது கொயோட்டியின் ஊளையை எழுப்புவார். மற்றவர் காற்று செல்லும் பக்கத்தில் துப்பாக்கியுடன் காத்திருப்பார். இரு நாட்டு வேட்டையாளரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதாகக் கருத இடமில்லை. ஒரே பேரினத்து விலங்குகளின் ஒத்த இயல்பே ஒத்த முறையைத் தோற்றுவித்தது எனலாம். வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. அமெரிக்காவில் கொயோட்டி வேட்டை பொழுதுபோக்காகவும் கால்நடைப் பாதுகாப்புக்காகவும் பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி நடைபெறுகிறது. அந்நாட்டுக் கூட்டரசின் துறையொன்றே ஆண்டுதோறும் பல பத்தாயிரம் கொயோட்டிகளைக் கொல்கிறது. அப்படியும் கொயோட்டியின் பரவல் குறையவில்லை, விரிந்தே வந்துள்ளது. தமிழ்நாட்டில் நரி வேட்டை ஒரு சமூகத்தின் பிழைப்பாக இருந்தது.

நரிக்கொம்பு

நரிக்குக் கொம்பு இல்லை. எனினும் நரிக்கூட்டத்தின் தலைவனுக்கு மட்டும் தலையில் சிறு கொம்பு ஒன்று முளைக்கும், அதை வைத்திருப்பவர் வழக்கில் வெல்வர், செல்வம் பெருகும் என்ற நம்பிக்கை தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு. இலங்கையில் பணியாற்றிய எமர்சன் டென்னன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கையின் இயற்கை வரலாறு குறித்த நூலில் இந்நம்பிக்கையை 'நரிக்கொம்பு' என்ற தமிழ்ப் பெயருடனேயே குறித்துள்ளார்.

சந்தைகளில் நரிக்கொம்பு என விற்கப்படுபவை, எலும்புத் துண்டு அல்லது வேறு விலங்கின் நகத்தை மயிருள்ள தோல்துண்டில் பொருத்திச் செய்யப்படும் போலிகளாகும். விற்பவருக்கு இது நன்றாகவே தெரியும். வாங்குபவரில் படித்தவரும் உளர் என்பதே வியப்பு. போலியாயினும் அதற்கான தோலுக்காக உண்மையான நரி கொல்லப்படுவதும் உண்டு என்பதால் இவ்வணிகம் வனத்துறையின் கண்காணிப்பில் உள்ளது.

பிற வேட்டைகள்

ஆங்கிலேயர் தம் நாட்டில் செந்நரியைக் குதிரையேறித் துரத்தும் விளையாட்டை இந்தியாவுக்கும் கொண்டுவந்தனர். செந்நரி இல்லாத நீலகிரியில், 19ஆம் நூற்றாண்டில் உருவான உதகமண்டல வேட்டைக் குழு, இங்கிலாந்திலிருந்து வருவித்த நாய்களைக் கொண்டு நரியைத் துரத்தியது. வென்லாக் புல்வெளி இதற்கு முதன்மையான களம். இங்கு நரிக்கு மாற்றாள் வேடமே கிடைத்தது எனலாம்.

சேலம் மாவட்டம் வாழப்பாடியைச் சுற்றியுள்ள சில ஊர்களில் பொங்கலையொட்டி 'வங்காநரி சல்லிக்கட்டு' என்ற வழக்கம் இருந்துவந்தது. இதில் பிடிபடுவது வங்காள நரி. ஊரார் வலையுடன் புதர்க்காட்டுக்குச் சென்று நரியைப் பிடித்து வந்து, கோயிலில் பூசை செய்து, பின்னங்காலில் கயிறு கட்டி ஓடவிட்டு, பின்னர் காட்டிலேயே விட்டுவிடுவர். ஆண்டின் தொடக்கத்தில் நரி முகத்தில் விழித்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. கொல்லும் நோக்கம் இல்லாவிடினும் பிடிப்பதே சட்டப்படி வேட்டையாகும். வனத்துறையினர் இதனைத் தடை செய்து, மீறியவர்களுக்குத் தண்டம் விதித்துள்ளனர்.

சட்டநிலை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நரியைத் தொடக்கத்தில் பாதுகாக்கவில்லை என்பது பலர் அறியாத செய்தி. அச்சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, காகம், பழந்தின்னி வௌவால், எலி ஆகியவற்றுடன் நரியையும் தீங்குயிரியாகப் பட்டியலிட்டது. அதாவது அதைக் கொல்ல உரிமம் வேண்டியதில்லை. பிற்காலத் திருத்தங்களில் நரி இரண்டாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் முறையையே நீக்கியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது நரி, புலியும் யானையும் உள்ள முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இவ்வட்டவணை விலங்கை வேட்டையாடுவோருக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. ஐம்பதாண்டுகளில் ஒரே விலங்கு சட்டத்தின் கடைப்படியிலிருந்து தலைப்படிக்கு ஏறியது.

தடைக்குப் பின்னும் நரி கொல்லப்படுவது முற்றிலும் நிற்கவில்லை. வலையும் ஊளையும் மறைந்து, இறைச்சிக்குள் வெடிமருந்து வைக்கும் கொடிய முறை சில இடங்களில் வந்துள்ளது. கடிக்கும் விலங்கின் தாடையைச் சிதறடிப்பது இது. 2021இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இவ்வாறு ஒரு நரியைக் கொன்றதாக 12 பேர் கைது செய்யப்பட்டனர்.

வேட்டையர் நிலை

சட்டம் நரியைப் படிப்படியாக உயர்த்திய காலத்தில், நரியால் பெயர் பெற்றவர்கள் தம் தொழிலை இழந்தனர். பாசிமணி, ஊசி, சீப்பு, பொம்மை விற்பது நரிக்குறவரின் முதன்மைப் பிழைப்பாயிற்று. பேருந்து நிலையங்களிலும் கோயில் வாயில்களிலும் அவர்களைக் காணும் இன்றைய தலைமுறைக்கு, பெயரின் முதற்பகுதி ஏன் வந்தது என்பதே புதிராகியுள்ளது.

இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்குமாறு 1965இல் லோக்கூர் குழு பரிந்துரைத்தது. அவ்வாறு சேர்க்கப்படாமல், நெடுங்காலம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இருந்தனர். 2022 திசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய அரசியலமைப்பு (பழங்குடியினர்) ஆணைத் திருத்தத்தின் வழியாகவே நரிக்குறவரும் குருவிக்காரரும் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றனர். இதற்கு முந்தைய ஆண்டில், 2021 நவம்பர் 4 அன்று, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குத் தமிழக முதலமைச்சர் மு. க. இசுடாலின் நேரில் சென்று வீட்டுமனைப் பட்டா வழங்கினார்.

செங்கற்பட்டு வட்டாரத்துப் புதர்க்காட்டின் மற்றொரு வேட்டைச் சமூகமான இருளருக்கு வேறு வழி பிறந்தது. பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்டபின், 1978இல் வடநெம்மேலியில் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், அவர்களது பாம்பறிவை நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சு எடுப்பில் பயன்படுத்தியது. பிடித்த பாம்பு நஞ்செடுத்தபின் காட்டில் விடப்படும். நரிக்குறவரின் நரியறிவுக்கு இத்தகைய நிறுவனம் எதுவும் அமையவில்லை.

ஊளையும் கணக்கெடுப்பும்

நரி இரவில் உலவுவதாலும் ஒளிந்து வாழ்வதாலும் கண்ணால் கண்டு எண்ணுவது கடினம். ஆகவே ஆய்வாளர்கள் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஊளைக் கணக்கெடுப்பு என்ற முறையைக் கையாளுகின்றனர். அந்திக்குப் பின், குறித்த தொலைவுகளில் நின்று, பதிவு செய்த நரி ஊளையை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்வர். சில நிமிடம் காத்திருந்து, எத்திசையிலிருந்து எத்தனை குழுக்கள் விடை கொடுக்கின்றன என்று குறித்துக்கொள்வர். காற்று பலமாக வீசும் இரவுகளில் இக்கணக்கெடுப்பு தவிர்க்கப்படுகிறது. ஒருவர் ஒலிபெருக்கியை இயக்க, மற்றொருவர் திசைகாட்டியுடன் செவிமடுப்பார்.